நூலில் தொங்கும் வால்வு

என் வீட்டுக்காரர் ஜெரால்டுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். அவன் பெயர் கம்பெனிக்காரன். அவனை அவர் நேரில் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் பழைய காரின் பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் அவனைத் திட்டாமல் விட்டதில்லை.

"இந்த பைப்பை எவ்ளோ ஒல்லியா வெச்சிக்கிறான் பாரு கம்பெனிக்காரன். இங்க போய் எவனாவது போல்ட்டு வெப்பானா? ஸ்பேனர் பூந்தா கை பூறாது, கை பூந்தா ஸ்பேனர் பூறாது."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது என் காதில் கடைசியாக விழுவது இந்த அர்ச்சனைதான்.

நானோ கம்பெனிக்காரி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தெர்மோஸ்டாட் வால்வு செய்கிற ஒரு யூனிட்டில் டெஸ்டிங் செக்‌ஷனில் இருக்கிறேன். உள்ளங்கையில் அடங்குகிற பித்தளைச் சாமான் அது. காரின் இன்ஜினைச் சுற்றித் தண்ணீர் ஓடுமே, அந்தத் தண்ணீர் போதிய சூடு ஏறும்வரை, அதை ஆற வைக்கிற ரேடியேட்டருக்குப் போகாமல் இந்த வால்வு வழியை அடைத்து வைத்திருக்கும். சூடு ஏறியதும் வழிவிடும். அதன் வாயை லேசாகத் திறந்து ஒரு நூலைக் கவ்வ வைத்து, அந்த நூலிலேயே வெந்நீர்த் தொட்டிக்குள் தொங்கவிடுவோம். சரியான சூடு வந்ததும் வாயைத் திறக்கும். நூலை விட்டுவிட்டுத் தொட்டியில் விழும். அப்படி விழுந்தால் பச்சை ட்ரே. அவசரப்பட்டு விழுந்தாலும், அடம்பிடித்துத் தொங்கினாலும் சிவப்பு ட்ரே. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து எனக்கு அதுதான் வேலை.

ஜெரால்டு செய்வதெல்லாம் கிறுக்குத்தனம் என்று சொல்லிவிட்டால் மாதா என்னை மன்னிக்க மாட்டாள். எங்கள் காரில் ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் இடைவெளி அதிகம். ஃபேன் இழுக்கிற காற்றில் பாதி ரேடியேட்டர் வழியாக வராமல் பக்கவாட்டில் வருகிறது என்று ஒருநாள் கண்டுபிடித்தார். நான் அரிசி கொட்டி வைக்கக் கழுவிக் காயவைத்திருந்த கடலை எண்ணெய் டின்னை வெட்டி, தட்டி, வளைத்து ஃபேனைச் சுற்றி மாட்டிவிட்டார். அரிசிக்கு டின் போனதே என்று நான் ஆடிய ஆட்டம் பக்கத்துத் தெருவரை கேட்டிருக்கும். ஆனால் அதற்குப் பிறகு சிக்னலில் நின்றால் முன்பு போல் சூடு ஏறவில்லை. அந்த வண்டிக்குக் கம்பெனி கொடுக்காததை என் எண்ணெய் டின் கொடுத்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த டின்தான் அவருக்கு ஒரு வாசலையும் திறந்தது. காக்களூர் எஸ்டேட்டில் தணிகைவேல் என்பவர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். கார் பைத்தியம் பிடித்த மெட்ராஸ் ஆட்கள் வண்டிகளை அவரிடம் விடுவார்கள். பந்தயத்துக்கு, மலை ஏற, வெறுமனே சத்தம் போட என்று எல்லாவற்றையும் பிரித்து மாற்றிக் கொடுப்பார். திருவள்ளூரில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் எங்கள் பானெட் திறந்திருந்தபோது டின்னைப் பார்த்திருக்கிறார்.

"இது யாரு யோசனை?"

"என்துதான் சார்."

"மெக்கானிக் எனக்கு நெறைய கெடைப்பான். யோசிக்கிற ஆளுதான் இல்ல. வர்ற ஞாயிறு வுட்டு அடுத்த ஞாயிறு, உச்சி வெயில்ல வா. ஏசி போட்டு, ஆளு ஏத்திக்கினு ஆர்.கே.பேட்டை போய்த் திரும்பலாம். சூடு காட்டுற முள்ளு சிவப்பத் தொடாம வந்துட்டா, மறுநாளே வேலைக்கு வந்துடு."

அன்றைக்கு ஜெரால்டு வீட்டுக்குள் வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவருக்கு இப்போது வேலை ரோலிங் மில்லில். சிவக்கக் காய்ந்த கம்பி ரோலரிலிருந்து சீறிக்கொண்டு வரும். அதை இடுக்கியால் பிடித்து அடுத்த ரோலருக்குத் திருப்பிவிட வேண்டும். கை முழுக்கத் தழும்பு. போன மாதம் ஒரு கம்பி தடம் மாறி அவர் முழங்காலை உரசுகிற மாதிரி போனது. பேண்ட் கருகியதோடு தப்பித்தார். அந்த பேண்ட்டைத் துவைக்கவும் மனமில்லாமல், தூக்கிப் போடவும் கை வராமல், கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். அவர் ஷிஃப்டுக்குப் போகிற ஒவ்வொரு முறையும் அது என் கண்ணில் படும். மில்லை விட்டு அவர் வெளியே வந்தால் போதும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

சும்மா இருந்திருந்தால் வண்டி நன்றாகத்தான் இருந்தது. சும்மா இருப்பாரா? ரெண்டு நாள் கழித்து ஷிஃப்ட் முடிந்து வந்து பார்க்கிறேன், வாசலில் குப்பை டின்னுக்குள் பித்தளை மின்னுகிறது. கையில் எடுத்தால் என் வால்வு.

நம் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு இது ஒரு பழக்கம். வண்டி சூடாகிறது என்றால் முதலில் வால்வைக் கழற்றி வீசுவார்கள். சூடாகவில்லை என்றாலும், இனிமேல் ஆகிவிடக் கூடாதே என்று வீசுவார்கள்.

"இது இன்னாய்யா?" என்றேன்.

"வால்வு. தூக்கிட்டேன். குளுரு ஊருக்காரன் அவன் ஊருக்கு வெச்சது. நம்ம வெயிலுக்கு இது இன்னாத்துக்கு? தண்ணி போற வழியில நந்தி மாதிரி குந்திக்கினு."

"ஓரத்துல முத்திரை பாத்தியா? எங்க செக்‌ஷன் முத்திரை. நூலு கட்டி, தொட்டியில வுட்டு, கண்ணு எரிய எரிய பாத்து அனுப்புறது நானு. நீ நெம்பி எடுத்து குப்பையில போடுறியா?"

"ஒன்ன யாரு இன்னா சொன்னாங்க? நான் கம்பெனிக்காரனத்தான சொன்னேன்."

அதற்கு மேல் பேசினால் கரண்டி பறக்கும் என்று எனக்கே தெரிந்தது. வால்வைத் துடைத்து, மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். நீயே இந்த ஆளைக் கேள் தாயே என்று சொல்லிவிட்டு, அவரோடு பேச்சை நிறுத்தினேன்.

அந்த ஞாயிறு ஒத்திகை. நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். பேசாமல் இருப்பது வேறு, வெளியே போவது வேறு. கவரைப்பேட்டை தாண்டும்வரை வெப்பம் காட்டுகிற முள் எழுந்திருக்கவே இல்லை. அவர் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டார். "பாத்தியா? ஜில்லுனு கீது. கம்பெனிக்காரன் வந்து பாக்கணும்" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெரியபாளையத்தில் கோயில் கூட்டம். வேன்களும் ஆட்டோக்களும் முட்டிக்கொண்டு நிற்க, நாங்களும் நின்றோம். முள் எழுந்தது. நடுவில் நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. ஏசியை அணைத்தார். கண்ணாடியை இறக்கினார். முள் சிவப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. வேப்பிலைக் கட்டோடு போன ஒரு அம்மா, "ஏம்பா, வண்டி பொகையுது" என்று கத்தினாள். பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு ஹோஸாகத் தடவிப் பார்த்தார். ஒழுக்கு இல்லை. ஃபேன் சுற்றியது. டின் அசையவில்லை. சாயங்காலம் டீயைக் கொண்டுபோய் வைத்தேன். எடுக்கவில்லை. இன்ஜினைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்.

"ஏஞ்சல், வழியில தடையே இல்ல. தண்ணி ஃப்ரீயா ஓடுது. தட இருந்தசொல்லோ ஏறாத சூடு, எடுத்தப்பறம் எப்டி ஏறும்?"

அந்தக் குரலில் கம்பெனிக்காரன் இல்லை. மில்தான் இருந்தது. அடுத்த ஞாயிறும் இப்படி ஆனால் மறுநாள் காலை இடுக்கியைத் தூக்கிக்கொண்டு அந்த ரோலருக்கு முன்னால் நிற்க வேண்டும். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"எனக்கும் தெரிலய்யா" என்றேன்.

பொய் இல்லை. எத்தனை வால்வுகள் என் கையால் தொங்கி விழுந்திருக்கும்! வாய் திறக்கிறதா, எப்போது திறக்கிறது, அவ்வளவுதான் பார்த்தேன். அதற்குக் கீழே, வயிற்றுக்கு அடியில், ஒரு குட்டித் தட்டு இருக்கிறது. அது எதற்கு என்று எங்கள் செக்‌ஷனில் யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"எழுந்து வா. அது இன்னா பண்ணுதுன்னு மொதல்ல பாக்கலாம்."

மாதா முன்னாலிருந்து வால்வை எடுத்தேன். குண்டானில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தேன். அவர் எங்கிருந்தோ காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "வெடிச்சி வெச்சா யாரு பாக்குறது, குடு" என்று பிடுங்கி வைத்தேன். ஸ்க்ரூ டிரைவரால் வால்வின் வாயை நெம்பச் சொல்லி, பூ கட்டுகிற நூலை உள்ளே விட்டேன். வாய் நூலைக் கவ்வியது. நூலைக் கரண்டிக் காம்பில் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டேன்.

"அடி தொடக் கூடாதா?"

"தொட்டா பாத்திரத்து சூட்டக் காட்டும். தண்ணி சூடுதான் நமக்கு வேணும்."

ரெண்டு பேரும் குண்டானுக்கு மேல் குனிந்து நின்றோம். அடியில் குமிழ் கட்டியது. ஆவி எழுந்தது. வால்வு அசையாமல் தொங்கியது. தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. "துரு புட்ச்சிருக்குமோ?" என்று அவர் வாயெடுத்ததும் நூல் லேசாக நடுங்கியது. வால்வு நூலை விட்டது. ணங்கென்று அடியில் விழுந்தது. ஜெரால்டு ஒரு அடி பின்னால் போனார்.

"யாரு சொன்னா அதுக்கு?"

"யாரும் சொல்ல வாணாம். இன்னும் கீது, பாரு."

இடுக்கியால் எடுத்துத் தூக்கிப் பிடித்தேன். காற்று பட்டு அது ஆறத் தொடங்கியது. கம்பெனியில் நான் தொட்டியிலிருந்து ட்ரேவுக்குத் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவேன். ஆறும்போது என்ன செய்கிறது என்று நின்று பார்த்ததே இல்லை. திறந்திருந்த வாய் கொஞ்சம் கொஞ்சமாக மூடியது. அது மூட மூட, கீழே இறங்கியிருந்த குட்டித் தட்டு மேலே ஏறியது. தூங்குகிற குழந்தையின் வயிறு மாதிரி, அவ்வளவு மெதுவாக.

"மறுபடி போடு" என்றார் ஜெரால்டு.

போட்டேன். வாய் திறந்தது. குட்டித் தட்டு கீழே இறங்கியது. எடுத்தேன். வாய் மூடியது. தட்டு ஏறியது. அவர் வெளியே காருக்கு ஓடினார். வால்வு உட்காருகிற கூட்டுக்குள் விரலை விட்டுத் துழாவினார். கிரீஸ் கையோடு திரும்பி வந்தபோது கண் விரிந்திருந்தது.

"ஏஞ்சல், அந்த குட்டித் தட்டுக்கு நேர் அடியில ஒரு ஓட்ட கீது. சும்மா கெடக்குதுன்னு நெனச்சேன். அது தண்ணி ரேடியேட்டருக்குப் போவாம இன்ஜினுக்கே திரும்பிப் போற குறுக்கு வழி. இன்ஜினு குளுந்து கெடக்கசொல்லோ தண்ணி அதுல சுத்தி சீக்கிரம் சூடாவுது. சூடானப்பறம் இது மேல் கதவத் தொறக்குது, அதே சமயத்துல கீழ எறங்கி குறுக்கு வழிய மூடுது. நான் ரெண்டையும் சேத்து புடுங்கிட்டேன். ரோட்ல ஓடசொல்லோ காத்துல தெரில. நின்ன எடத்துல தண்ணி ரேடியேட்டருக்குப் போவாம குறுக்கு வழியிலயே சுத்திக்கினு இருந்துருக்கு."

ஒரே அசைவில் ஒரு கதவைத் திறந்து இன்னொரு கதவை மூடுகிறது. பாதிச் சூட்டில் இரண்டையும் பாதிப் பாதி. இத்தனை காலம் என் விரலிடுக்கில் கிடந்த சாமான் இது! இதை யோசித்தவன் எந்த ஊரோ, என்ன பேரோ. பெரியபாளையத்துக் கூட்டத்தை அவன் பார்த்திருக்க மாட்டான். ஆனால் வண்டி எங்காவது நிற்கும், வெயில் காயும், ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"உள்ள இன்னாதான் கீது? ஒயரு இல்ல, கரண்டு இல்ல."

"மெழுகு."

"வெளாடாத."

"மெழுகுதான்யா. மாதாவுக்கு ஏத்துறமே, அந்த ஜாதிதான். அந்த பித்தள குப்பிக்குள்ள அடச்சி வெச்சிருக்கு. சூட்டுல உருகி உப்பும், கம்பியத் தள்ளும். ஆறினா சுருங்கும், ஸ்ப்ரிங்கு இழுத்துக்கும். அவ்ளோதான்."

அவர் மெழுகுவத்தியைப் பார்த்தார். வால்வைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கல்யாணத்தன்று கூட அப்படிப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"இத தெனமும் நூல்ல கட்டி வுட்டுக்கினு கீறியா நீ? கம்பெனிக்காரன் கம்பெனிக்காரன்னு இத்தினி வருசமா நான் திட்னது ஒன்னத்தானா?"

"வேற யார? நானும், என்ன மாதிரி எங்க லைன்ல கீற பொம்பளைங்களும்தான்" என்று வெடுக்கென்று சொல்லத்தான் நினைத்தேன். அடுப்பை அணைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அந்த வாரம் அவருக்கு மில்லில் டபுள் டூட்டி. வால்வைப் பழையபடி மாட்டியதோடு சரி. கூட்டத்தில் நிறுத்திப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

ஞாயிறு உச்சி வெயிலில் காக்களூரில் தணிகைவேல் பானெட்டைத் திறந்து பார்த்தார். முரட்டு ஆள், ஆனால் விரல்கள் நிதானமாகத் தொட்டன. டின்னைத் தட்டித் தலையாட்டினார்.

"வால்வத் தூக்கிட்டல்ல?"

"தூக்குனேன் சார். மறுபடி போட்டுட்டேன்."

"மே மாசத்துலயா? நான் தொட்ட எந்த வண்டியிலயும் அந்த பேஜாரு கெடையாதுப்பா. இப்பவே கழட்டு, பத்து நிமிசத்துல வேல. இல்லன்னா வழியில ஆவி வந்தா, அங்கயே நம்ம பேச்சு முடிஞ்சுது."

ஜெரால்டு என்னைப் பார்த்தார். கழற்றாதே என்று சொல்ல எனக்குத் தைரியம் இருந்தால்தானே! குண்டானில் விழுந்தது நிஜம். ஆனால் குண்டான் வேறு, இன்ஜின் வேறு. நேற்றுவரை நன்றாக விழுந்துவிட்டு இன்று அடம்பிடிக்கிற வால்வுகளை நான் பார்க்காதவளா?

"இருக்கட்டும் சார்" என்றார் அவர்.

தணிகைவேல் முன்சீட்டில் உட்கார்ந்து ஏசியை முழுசாகத் திருப்பினார். நான் பின்னால். ஆர்.கே.பேட்டை போகிறவரை முள் நடுவுக்குக் கொஞ்சம் கீழேயே இருந்தது. அங்கே சந்தைத் தெருவில் ஊர்ந்தபோதும் அசையவில்லை. திரும்பும் வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் கரும்பு லாரி, பின்னால் பஸ். ஜெரால்டு இன்ஜினை அணைக்கப் போனார்.

"ஓடட்டும்" என்றார் தணிகைவேல்.

தார் ரோட்டின் அனல் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஒரு கூட்ஸ் ஊர்ந்து போய்க்கொண்டே இருந்தது. அது போயும் கேட் திறக்கவில்லை. முள் எழுந்தது. நடுவைத் தாண்டியது. ஜெரால்டின் கழுத்தில் வியர்வை ஓடியது. என் கையில் ஜெபமாலை எப்போது வந்ததென்று தெரியவில்லை, வாயில் மட்டும் ஜெபம் வரவில்லை. திற, திற, திற என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டைச் சொல்லவில்லை.

முள் நின்றது.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நின்ற முள், பிறகு யாரோ மெல்ல அழுத்தியது போல் ஒரு கோடு கீழே இறங்கி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அந்த இரும்புக்கு நடுவில், யாருக்கும் தெரியாமல், ஒரு துளி மெழுகு உருகி எங்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளியே அவருடைய எண்ணெய் டின் காற்றை அள்ளிக் கொடுக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்னொரு ரயிலும் போனது. முள் அசையவில்லை. தணிகைவேல் முள்ளுக்கு மேலிருந்த கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார், முள்தான் மாட்டிக்கொண்டதோ என்று.

"எங்கப்பா வாங்குன அந்த வால்வ?"

ஜெரால்டு கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஊட்ல செஞ்சது சார்" என்றார்.

தணிகைவேல் முழுசாகத் திரும்பினார். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஜெரால்டு என் வேலையையும் குண்டானையும் நூலையும் குறுக்கு வழியையும் மூச்சு விடாமல் சொல்லி முடிக்கிறபோது கேட் திறந்தது. பின்னால் பஸ்காரன் ஹாரனை அலறவிட்டான். தணிகைவேல் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"நான் கழட்டிப் போட்டதெல்லாம் ஒர்க்‌ஷாப்ல ஒரு டப்பா நெறைய கெடக்குது" என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஏம்மா, அதுல எது நல்லது எது கெட்டதுன்னு ஒன்னால பாத்து சொல்ல முடியுமா?"

"குண்டானும் நூலும் நான் எடுத்தாறேன் சார்."

"எடுத்தாம்மா. நான் பாக்கணும் அத." பிறகு ஜெரால்டின் தோளைத் தட்டினார். "நீ நாளைக்கே வந்துடு."

வீட்டுக்குள் நுழைந்ததும் ஜெரால்டு மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தி ஏற்றி, அது உருகுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கதவுக்குப் பின்னால் போனேன். ஆணியிலிருந்து கருகிய பேண்ட்டை எடுத்து, நீள நீளமாகக் கிழித்து, வண்டி துடைக்கிற துணியோடு சேர்த்து வைத்தேன்.